திரும்பிப் பார்க்கும் பிள்ளைகள்

குழந்தை தவழ்வதற்கு ஒரு சட்டை வேண்டும் என்று நாச்சிமுத்துவின் அப்பா காலத்தில் எவனாவது சொல்லியிருந்தால், அவனுக்கு மந்திரிக்க ஆள் கூட்டி வந்திருப்பார்கள். நாச்சிமுத்துவின் காலத்தில் அப்படிச் சொன்னவனுக்கு மண்டபம் பிடித்து விழா எடுத்தார்கள். அந்த விழா மேடையில் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு நாச்சிமுத்துவே உட்கார்ந்திருந்தார். அதுதான் கூத்து.

பல்லடத்தில் அதைவிடப் பெரிய மண்டபம் கிடையாது. கீழே சிவப்புக் கம்பளம் விரித்து, இந்த முனையில் கைக்குழந்தைகளை வரிசையாக விட்டிருந்தார்கள். அந்த முனையில் தாய்மார் கிலுகிலுப்பையும் கையுமாக மண்டிபோட்டிருந்தார்கள். தவழும் போட்டி. எல்லாக் குழந்தைக்கும் ஒரே வெள்ளைச் சட்டை, நெஞ்சில் ஒரு பச்சைத் தளிர். மேடையில் நாச்சிமுத்துவின் மகள் பூங்கொடி புதுச்சேலையில் வியர்த்துக்கொண்டிருந்தாள். பேத்தி நித்திலா உட்காரவே இல்லை. மூன்று வயது. மைக் ஒயரைத் தாண்டி, நாற்காலிக்கு அடியில் புகுந்து, கம்பெனி முதலாளியின் மடியில் ஏறி இறங்கி, மறுபடி ஓட்டம்.

"பாத்துக்கங்க, இந்தப் பாப்பா தவழ்ந்ததைத்தான் இன்னைக்கு உங்க வீட்டுப் பாப்பா தவழுது" என்றான் மைக்கில் பேசியவன். "எங்க நடைச்சட்டையோட மூலக்குழந்தை இவங்கதான். கை வலிக்காம கொஞ்சம் தட்டுங்க."

தட்டினார்கள். நாச்சிமுத்துவுக்குக் கைதட்டலில் நம்பிக்கை கிடையாது. தட்டுகிறவன் எதையோ விற்கப் போகிறான் என்பது அவர் கணக்கு.

பிள்ளைகள் தவழ்வது நின்று வருஷங்களாகியிருந்தன. தரையில் விட்டால் தூசி, பாயில் விட்டால் எறும்பு, பக்கத்தில் உட்கார ஆளில்லை. வார் வைத்த நாற்காலியில் இறுக்கி உட்கார வைத்து, முன்னால் ஒரு திரையை ஓட விட்டால் பிள்ளை சத்தமில்லாமல் கிடந்தது. கிடந்து கிடந்து அதற்குக் கழுத்து நிற்கவில்லை, கால் ஊன்றவில்லை. டாக்டர்கள் கத்தினார்கள்: குப்புறப் போடுங்கள், கீழே விடுங்கள், எட்டாத இடத்தில் பொம்மையை வையுங்கள், அதுவாகப் போய் எடுக்கட்டும். கேட்க யாருக்கு நேரம் இருந்தது? அப்போதுதான் இந்தச் சட்டை வந்தது. பார்க்கப் பனியன் துணிதான். உள்ளே முடியைவிட மெல்லிசான நூல்கள். அவை தாமாக இறுகும், தாமாகத் தளரும். நன்றாக ஆடி ஓடிய ஒரு குழந்தையின் அசைவு முழுக்க அதற்குள் பதிந்திருக்கும். போட்டுக்கொண்ட குழந்தையை அது மெதுவாக ஏவும். தோளைத் தொட்டுப் புரள வைக்கும். முட்டியைத் தொட்டு ஊன்ற வைக்கும்.

விசில் ஊதினார்கள். பிள்ளைகள் கிளம்பின.

கிளம்பிய அழகைப் பார்க்க வேண்டும். கையும் முட்டியும் ஒரே தாளத்தில் கம்பளத்தில் தட்ட, எல்லாம் ஒன்றாக வந்தன. தாய்மார் கூவினார்கள். கம்பளத்தின் பாதிகூட வரவில்லை. அத்தனை பிள்ளைகளுக்கும் இடுப்பில் ஒரு வெட்டு வெட்டியது. அத்தனையும் நின்றன. பொத்தென்று உட்கார்ந்தன. உட்கார்ந்து, தலையைத் திருப்பி, பின்னால் பார்த்தன.

பின்னால் ஒன்றுமில்லை. கம்பளம்தான்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "போட்டோவுக்கு நிக்கறாங்களோ என்னமோ" என்றான் மைக்கில் பேசியவன். தாய்மார் கிலுகிலுப்பையை ஆட்டினார்கள், பால்புட்டியைக் காட்டினார்கள். பிள்ளைகள் கையை நீட்டின, அழுதன. ஒன்றுகூட ஒரு விரற்கடை நகரவில்லை.

"என்ற பையனும் ஊட்டுல இப்புடித்தானுங்க" என்றாள் ஒருத்தி, பக்கத்தில் இருந்தவளிடம். "நாலெட்டு போவான், உக்காந்துக்குவான். சோம்பேறிப் பயன்னு நெனச்சேன்."

"உங்களுதுமா? வாசப்படி தாண்டுனா கொழுக்கட்டை அவிக்கறதுக்கு மாவு ஆட்டி வெச்சோம். மாவு புளிச்சதுதான் மிச்சம்."

"எங்களுதும் படி தாண்டலைங்க."

அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. ஒவ்வொருத்தியும் தன் பிள்ளைக்கு மட்டும் என்று நினைத்து வெளியே சொல்லாமல் மூடி வைத்திருந்தது, அங்கே கம்பளத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தது.

மேடையில் நாச்சிமுத்து பொன்னாடையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பின்னால் என்ன இருக்கிறது என்று அந்த மண்டபத்தில் அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும். ஒரு தூண் இருக்கிறது. தூணில் ஒரு பழைய வேட்டி முறுக்கிக் கட்டியிருக்கிறது. வேட்டியின் இன்னொரு முனை பிள்ளையின் இடுப்பில் இருக்கிறது. அவர் கட்டியது.

விசைத்தறி ஓட்டுகிற வீடு அவருடையது. சம்சாரம் போய்ச் சேர்ந்த பிறகு, மருமகன் லாரியோடு வடக்கே போய்விட, பூங்கொடி திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போனாள். பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டுத்தான் போனாள். அவர் தறிக் குடோனில் பாய் விரித்து அதைப் போட்டுக்கொண்டு அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தார். சுகாதார நிலையத்து நர்சம்மா, இந்தப் பிள்ளைக்குக் கை கால் நல்ல உறுதி என்று யாரிடமோ சொல்ல, கம்பெனியிலிருந்து மதுவந்தி என்ற பெண் வந்தாள். கோயமுத்தூர்க்காரி, படித்தவள், மரியாதை தெரிந்தவள். பிள்ளைக்கு அளவெடுக்கும் சட்டை ஒன்றைக் கொடுத்தாள். எப்போதும் போட்டிருக்க வேண்டும், அதன் எல்லா அசைவையும் சட்டை படித்துக்கொள்ளும் என்றாள். "தரையில விடுங்க ஐயா. போற பக்கம் போகட்டும். தடுக்க வேண்டாம். அது ஒண்ணுதான் நாங்க கேக்கறது." கூடவே, குடோனில் ஒரு கேமராவும் மாட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள்.

"அதெல்லாம் ஆகாது அம்மிணி" என்றார் நாச்சிமுத்து. "பொம்பளைப் புள்ள பொழங்கற ஊடு. உங்க கண்ணைக் கொண்டாந்து என்ற ஊட்டுக்குள்ள வெக்க வேண்டாம்."

அப்போது மறைக்க அவரிடம் ஒன்றும் இல்லை. எவனையும் நம்பாத புத்தி, அவ்வளவுதான். பிள்ளை தவழத் தொடங்கி, ஒரு நாள் ஓடுகிற தறியின் பெல்ட்டுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோன பிறகுதான் வேட்டியை எடுத்தார். தறி வீட்டில் பிள்ளையைக் கட்டிப்போடுவது ஒன்றும் புதுசில்லை. அவரையும் கட்டித்தான் வளர்த்தார்கள். பூங்கொடியையும் கட்டினார்கள். யாரும் கெட்டுப்போகவில்லை. அப்படித்தான் அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார்.

ஆனால் மதுவந்தி வருகிற நாளில் அவர் அவிழ்த்துவிடுவார். பூங்கொடியின் வண்டிச் சத்தம் கேட்டாலும் அவிழ்த்துவிடுவார். தப்பில்லை என்றால் ஏன் அவிழ்த்தாய்? இப்படித் தன்னையே கேட்டுக்கொண்டுதான் முடிச்சை அவிழ்ப்பார்.

மண்டபத்துக் கூத்து ஊரெல்லாம் பரவியது. கம்பெனி வாசலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜனம் நின்றது. ஒரு வாரம் கழித்து மதுவந்தி வீட்டுக்கு வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவளுக்கும் ஒரு கைக்குழந்தை உண்டு என்று பூங்கொடி கேட்டபோதுதான் தெரிந்தது. பிரசவ விடுப்பு முடித்து அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள்.

"சட்டையைக் கழட்டிட்டா செரியாப் போயிராதுங்களா?" என்று கேட்டாள் பூங்கொடி.

"போகலீங்க. கழட்டினாலும் அங்கயேதான் நிக்குதுங்க." மதுவந்தி தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னாள். "சட்டை பிடிச்சுத் தள்ளாதுங்க. தள்ளினா பிள்ளை எதிர்த்து முறுக்கும். குழந்தைக்கு அங்க போகணும்னு ஆசை வரும் பாருங்க, அதுக்கு ஒரு இமைப்பொழுது முன்னாடி சட்டை ஆசைப்படும். குழந்தை அதைத் தன்னோட ஆசைன்னே எடுத்துக்கும். அப்படித்தான் செஞ்சோம். இப்ப நிக்கறதையும் தன்னோட ஆசைன்னே எடுத்துக்கிச்சு. போக வேண்டாம்னு அதுக்கே தோணுது."

"அதெப்புடிங்க தோணும்?"

"அதான் தெரியலை." அவள் நித்திலாவைப் பார்த்தாள். நித்திலா வாசலில் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தாள். "எங்க ஆட்கள் எல்லாத்தையும் பிரிச்சுப் பார்த்துட்டாங்க. சட்டையில கோளாறு இல்லை. மூலக்குழந்தையோட அசைவுலயே அது இருக்கு. அதனால, பாப்பாவோட மூளையில ஏதாவது..."

சொல்லி முடிக்காமல் நிறுத்தினாள். பூங்கொடி வாசலைக் கை காட்டினாள்.

"என்ற புள்ளைக்கு ஒண்ணும் இல்லீங்க. பாருங்க, ஓடறாளே."

"ஓடறா. அது எங்களுக்கும் புரியலை. பெரிய டாக்டர் ஒருத்தர் பார்க்கணும்ங்கறார். கோயமுத்தூர்ல. சும்மா பரிசோதனைதாங்க."

"ஏனுங்கப்பா, நீங்கதான கூடவே இருந்தீங்க" என்று பூங்கொடி அவர் பக்கம் திரும்பினாள். "எப்பவாச்சும் புள்ள வெட்டு வந்தாப்புல விழுந்தாளா? கண்ணு சொருகிச்சா? சொல்லுங்கப்பா."

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. பூங்கொடியின் முகத்தைப் பார்த்தார். சம்சாரம் சாகும்போது, புள்ளையை விட்டுறாதீங்க என்று கையைப் பிடித்துக்கொண்டது ஞாபகம் வந்தது. மதுவந்தியின் முகத்தைப் பார்த்தார். போற பக்கம் போகட்டும் என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது.

"எனக்கென்ன தெரியும்" என்றார். "தறிச் சத்தத்துல எனக்கு என்ன தெரியும்."

தறி ஓடவில்லை அப்போது. அவர் குரல் மட்டும் கேட்டது.

ஊர் வாயை மூட முடியுமா? மூலக்குழந்தைக்கு மூளையில் கோளாறாம், அது சட்டை வழியாக எல்லாப் பிள்ளைக்கும் தொற்றிக்கொண்டதாம் என்று கடைவீதியில் பேசினார்கள். நித்திலா விளையாடப் போன வீட்டில் கதவைச் சாத்தினார்கள். பூங்கொடியின் மாமியார் போனில் கூப்பிட்டு, எங்க பக்கம் இந்த மாதிரி யாருக்கும் இல்லை, உங்க பக்கம் யாருக்காவது இருக்கா என்று நயமாகக் கேட்டாள். டீக்கடையில் கூட்டாளி குப்புராஜ், "என்ன மாப்ள, உன்ற பேத்தி ஒரே ஆளா நாட்டையே உக்கார வெச்சுப்போட்டாளாமா" என்றான். அவன் எப்போதும் இப்படிக் கிண்டல் செய்கிறவன்தான். நாச்சிமுத்து பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

அவருக்கு வந்தது கோபம் இல்லை. கோபம் என்றால் நல்லாயிருந்திருக்கும். கோபத்துக்கு எதிரே ஒரு ஆள் வேண்டும்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் அவரையும் உள்ளே விட்டார்கள். குளிரூட்டிய அறை. டாக்டர் தங்கமான மனுஷர். பிள்ளைக்கு மிட்டாய் கொடுத்தார். தலை முழுக்கப் பசை தடவி ஒயர் ஒட்ட வேண்டும், ஆடக்கூடாது. நித்திலாவை ஆடாதே என்றால் ஆவதா? ஒயரைப் பிடுங்கினாள், இறங்கி ஓடினாள், கட்டிலடியில் புகுந்துகொண்டாள். கடைசியில் நர்ஸ் ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, இடுப்பில் பட்டையைப் போட்டு இறுக்கினாள்.

பிள்ளை திமிறியது. அழுதது. பூங்கொடி எதிரில் மண்டிபோட்டு, "கண்ணு, அம்மா இருக்கேன், இங்க பாரு, அம்மாவைப் பாரு" என்றாள்.

நித்திலா அம்மாவைப் பார்க்கவில்லை. அறை மூலையில் நின்ற நாச்சிமுத்துவைப் பார்த்தாள்.

"அப்புச்சி, அவுத்து உடு" என்றாள்.

யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. அழுகிற பிள்ளை யாரையாவது கூப்பிடும். ஆனால் அம்மா முன்னால் இருக்கும்போது ஏன் தாத்தாவைக் கேட்கிறது என்று அந்த அறையில் யோசிக்க ஒருத்தர்தான் இருந்தார்.

"அப்புச்சி, அவுத்து உடு. நான் போவுல. அங்க போவுல."

"கழட்டுங்க அதை" என்றார் நாச்சிமுத்து.

"கொஞ்ச நேரம்தாங்க பெரியவரே" என்றார் டாக்டர்.

"கழட்டுங்கன்னு சொல்றன்ல. அவளுக்கு ஒண்ணும் இல்ல. கோளாறு எனக்கு. நான்தான் கட்டிப்போட்டேன்."

மதுவந்தி சுவரோரம் சாய்ந்திருந்தவள் நிமிர்ந்தாள். "எதைக் கட்டினீங்க ஐயா?"

"புள்ளைய. தூண்ல. வேட்டியில." ஒவ்வொன்றாக வந்தது. "பெல்ட்டுக்கிட்டப் போயிட்டா. எனக்குத் தறியும் பாக்கோணும், இதையும் பாக்கோணும். கட்டிப்போட்டேன். ஒரு நாளில்ல. நடக்கற வரைக்கும் கட்டியே போட்டிருந்தேன். நீ வர்றப்ப அவுத்து உட்ருவேன். இவ வர்றப்பவும் அவுத்து உட்ருவேன்."

நாச்சிமுத்து நாற்காலிப் பட்டையைத் தொட்டுக் காட்டினார்.

"அது இழுத்துப் பார்க்கும். வேட்டி முடியற எடத்துல இடுப்புல வெட்டும். உக்காந்துக்கும். எது புடிச்சு இழுக்குதுன்னு திரும்பிப் பாக்கும்." பிறகு மதுவந்தியைப் பார்த்துச் சொன்னார்: "அத்தனை புள்ளைகளும் பாக்குதே, அது தூணைத்தான் பாக்குது."

மதுவந்தி அவர் கிட்டே வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தார். அவள் கண்ணில் இருந்தது கோபமில்லை. விடை கிடைத்தவளுடைய கண். "எவ்வளவு நீளம்?" என்றாள்.

இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். திருடிய பொருளைக் காட்டுவதுபோல் இருந்தது அவருக்கு.

"அப்ப நித்திலா மட்டும் எப்படி ஓடறா?"

"அவுத்து உட்டேன், ஓடுனா. கட்டு இருந்தது, அவுத்தாச்சு. அவளுக்குத் தெரியும், புடிச்சிருந்தது வேட்டின்னு." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இந்தப் புள்ளைகளுக்கு எதை அம்மிணி அவுக்கறது?"

பூங்கொடி எழுந்தாள். பட்டையைத் தானே கழற்றி, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டாள். பசை அவள் சேலையெல்லாம் ஒட்டியது.

"இடுப்புல செவசெவன்னு தடம் இருந்துச்சு" என்றாள். குரல் ஏறவே இல்லை. "உங்ககிட்டக் கேட்டேன். அரைஞாண் கயிறு அழுத்திருச்சுன்னு சொன்னீங்க. நான் அந்தக் கயித்தை அறுத்து வீசிப்போட்டு, தளர்வா வேற வாங்கிக் கட்டுனேன். மறுபடி தடம் இருந்துச்சு. அதையும் அறுத்தேன். என்ற கையால பாத்துப் பாத்துக் கட்டியும் புள்ளைக்கு அழுத்துதேன்னு பஸ்ஸுல போறப்ப அழுதிருக்கேனுங்கப்பா."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"வேண்டாங்க" என்றாள்.

அதற்குப் பிறகு நித்திலா குடோனுக்கு வரவில்லை. பூங்கொடி அவளைப் பனியன் கம்பெனி பக்கத்திலேயே ஒரு காப்பகத்தில் விட்டாள். அதிகாலையில் தூக்கிக்கொண்டு போவாள், இருட்டினபின் தூக்கிக்கொண்டு வருவாள். அப்பாவுக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டாள், மாத்திரை எடுத்து வைத்தாள், காய்ச்சலடித்தால் தைலம் தேய்த்தாள். ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அவள் குளிக்கப் போகும்போதுகூடப் பிள்ளையைக் கூடவே கூட்டிக்கொண்டு போனாள். அதை நாச்சிமுத்து பார்த்தார். பார்க்கட்டும் என்று அவள் செய்யவில்லை. அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஒன்றே ஒன்று ஆறுதல். பேத்தி பேரில் இருந்த சொல் போய்விட்டது. கம்பெனி, கிழவன் செய்த தப்பு என்று சொல்லிவிட்டது. ஊர் இப்போது அவரைப் பேசியது. பேசட்டும். சட்டையைத் திருத்துகிறார்கள், கட்டுப்படாத வேறொரு பிள்ளையின் அசைவைப் பதிகிறார்கள், பழைய பிள்ளைகளுக்கும் அதைப் போட்டால் கொஞ்சம் கொஞ்சமாகப் படி தாண்டிவிடுமாம் என்று கேள்விப்பட்டார். செய்த பாவத்துக்கு மருந்து இருக்கிறது என்று தெரிந்த அன்று அவருக்குச் சோறு இறங்கியது.

மழைக்காலம் முடிந்து ஒரு மதியம் மதுவந்தி வந்தாள். இடுப்பில் பிள்ளை. வெள்ளைச் சட்டை போட்டிருந்தது.

"பையனுங்களா? பேரென்ன அம்மிணி?" நாச்சிமுத்து தறியை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"நவிலன்ங்க." அவள் பாயில் உட்கார்ந்தாள். பிள்ளையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். பேச்சைத் தொடங்கத் தெரியாமல், தறி நல்லா ஓடுதுங்களா, மழை உண்டா என்று சுற்றினாள்.

"திருத்துன சட்டை வந்துருச்சுங்களா?" என்று அவரே கேட்டார்.

"வந்துருச்சுங்க. நல்லா வேலை செய்யுது. பழைய பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்த்தோம், படி தாண்டுச்சு, மாடிப்படி ஏறுச்சு."

"அப்பாடி." அவர் கண்ணை மூடித் திறந்தார். "அத்தனை பேருக்கும் குடுத்துப் போட்டீங்களா?"

"வேணுங்கறவங்களுக்குக் கொடுக்கறோம்."

"வேண்டாம்னு எவன் சொல்லுவான்?"

மதுவந்தி பிள்ளையின் காலைப் பிடித்து நீவிக்கொண்டிருந்தாள். "முதல்ல எல்லாரும் வாங்கினாங்க ஐயா. பத்து நாள்ல திருப்பிக் கொண்டுவந்தாங்க. குழந்தை அடுப்படிக்கு வருது, பாத்ரூமுக்குப் போகுது, கண்ணு மூட முடியலைன்னாங்க. பழையதுல விட்ட இடத்துல இருந்துச்சு, கையும் காலும் நல்லா ஓடுச்சு, வேலைக்குத் தொந்தரவு இல்லை, அதையே கொடுங்கன்னாங்க. எங்க முதலாளி ரெண்டையும் கடையில வெச்சாரு. புதுசு தூங்குது. பழசுக்குத் தாய்மடின்னு பேர் மாத்தியிருக்கு. அதுதான் போகுது."

நாச்சிமுத்துவுக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியபோது நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் கட்டுனதையா வாங்கறாங்க?"

"ஆமாங்க." அவள் நிமிரவில்லை. "சின்ன வீட்டுக்காரங்க, அந்த நீளமே அதிகம்ங்கறாங்க. கம்மி நீளத்துல ஒண்ணு வேணுமாம். அதுக்கு ஒரு குழந்தையை வெச்சுப் பதியணும். உங்களுக்குப் பழக்கம் இருக்கே, கேட்டுப் பார்னு என்னை அனுப்பினாங்க. நீங்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். கேட்டேன்னு போய்ச் சொல்லணும், அதுக்குத்தான் வந்தேன்."

"எந்திரிச்சுப் போ அம்மிணி" என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. அவர் எழுந்து, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். வந்தவர்களுக்குத் தண்ணீர் வைக்காமல் அவர் பேசிப் பழகவில்லை.

"நீ படிச்ச புள்ள. அது தப்புன்னு உனக்குத் தெரியுமல்ல?"

"தெரியும்ங்க."

"உன்ற பையனுக்காவது மாத்திப்போட்டயா?"

மதுவந்தி தண்ணீரைக் குடித்தாள். சொம்பைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"நாலாவது மாடிங்க. பால்கனி இருக்கு. வீட்டுக்காரர் சென்னையில இருக்கார். வேலை பாத்துட்டே நான்தான் பாக்கணும். ஒரு நாள் பால்கனிக் கதவுகிட்டப் போயிட்டான்." பையனின் சட்டையை இழுத்துவிட்டாள். "எனக்கு வேலையும் பாக்கணும், இவனையும் பாக்கணும். நான் என்ன ஐயா பண்றது?"

அவள் சொன்னது எல்லாம் அவர் ஆஸ்பத்திரியில் சொன்னது. பெல்ட் இருந்த இடத்தில் பால்கனி இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பிள்ளை மடியில் நெளிந்தது. மதுவந்தி அதைக் கீழே இறக்கிவிட்டாள். வெயில் வாசல் வழியாக உள்ளே விழுந்திருந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்த்துப் பிள்ளை தவழ்ந்து போயிற்று. நல்ல தவழல். முட்டி உறுதி, முதுகு நேர், தலை நிமிர்வு. அப்படியே நித்திலா.

நாச்சிமுத்து, நித்திலாவைக் கட்டிய அந்தத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் போ சாமி, இன்னும் கொஞ்சம், என்று உதடு அசைந்தது.

வாசலுக்கு இரண்டு சாண் இருந்தபோது பிள்ளையின் இடுப்பில் வெட்டு விழுந்தது. உட்கார்ந்தது. எது பிடித்திருக்கிறது என்று மெதுவாகத் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தது. அவரைக் கண்டது.

கண்டதும், தெரிந்தவரைப் பார்த்ததுபோல், பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தது.